ஓ.பி. என்று எழுதிய டப்பா

பிரிஞ்சாங்,
11 பிப்ரவரி 2024

நிருபர் லோகேஸ்வரன் அவர்களுக்கு,

வணக்கம். ஞாயிறு பத்திரிகையில் நீங்கள் எழுதும் 'மறுபடி பார்க்க வேண்டிய படங்கள்' பகுதியைத் தவறாமல் படிக்கிறேன். எங்கள் தோட்டத்துக்குப் பத்திரிகை பதினொரு மணிக்கு வரும். கியா பார்ம் பக்கம் ஸ்ட்ராபெரி வாங்க வந்த கார்கள் சாலையை அடைத்துக்கொண்டால் மதியம் ஒரு மணி ஆகும். எப்போது வந்தாலும் முதலில் உங்கள் பக்கம்தான்.

இன்றோடு பதினான்கு பழைய படங்கள் ஆகிவிட்டன. ஒன்று விளம்பரம் இல்லாமல் போனது, ஒன்று பெரிய நடிகர் படத்தோடு வந்து அடிபட்டது, ஒன்று சொல்ல வந்ததை யாரும் கேட்கத் தயாராக இல்லாத நேரத்தில் வந்தது. ஒவ்வொன்றுக்கும் ஒரு காரணம் சொல்லுகிறீர்கள். நிருபர் எழுதியதால் போன படம் என்று ஒன்று மட்டும் உங்கள் பட்டியலில் இல்லை.

'மலைக்கு வந்தவள்' ஞாபகம் இருக்கிறதா? 1977. இந்தத் தோட்டத்தில், இந்தத் தோட்டத்து ஆட்களை வைத்தே எடுத்த படம். எடுத்தவர் என் அண்ணன் தங்கராஜு. தேயிலை பேக்டரியில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்தார். ஊருக்குத் திரும்பிய துரை ஒருவர் கொடுத்துவிட்டுப் போன கேமராவில், ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும், இரண்டு வருஷம் எடுத்தார். ஈப்போவில் ஒரு தியேட்டரில், வேலை நாளில், ஒரே நாள் ஓடியது; தோட்டத்திலிருந்து யாரும் போக முடியவில்லை. மறுநாள் நீங்கள் எழுதியது இது. பத்திரிகைத் துண்டைப் பார்த்து அப்படியே எழுதுகிறேன்:

"தலை எது, வால் எது என்று எடுத்தவருக்கே தெரியவில்லை. தேயிலையைச் சலித்துப் பழகியவர் கதையையும் சலித்திருக்கிறார். நமக்குக் கிடைத்தது தூள். கிராணி பேக்டரியோடு நிற்பது அவருக்கும் நல்லது, நமக்கும் நல்லது."

நின்றுவிட்டார். அதற்குப் பிறகு கேமராவைத் தொடவில்லை. அவருக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. போன வருஷம் வலது பக்கம் இழுத்துவிட்டது.

எனக்கு ஒரே கேள்விதான். அந்தப் படத்தை நீங்கள் முழுதாகப் பார்த்தீர்களா?

சுபத்ரா


ஈப்போ,
20 பிப்ரவரி 2024

திருமதி சுபத்ரா அவர்களுக்கு,

உங்கள் கடிதம் பத்திரிகை அலுவலகத்தில் ஆறு நாள் கிடந்து நேற்று என் கைக்கு வந்தது. தாமதத்துக்கு வருந்துகிறேன்.

முழுதாகப் பார்த்தேன். 1977 ஆகஸ்ட் 18, வியாழக்கிழமை, மதியக் காட்சி. என்னையும் சேர்த்து அரங்கில் பதினோரு பேர். என் பழைய குறிப்பேடு இன்னும் என்னிடம் இருக்கிறது. படம் முடியும்வரை உட்கார்ந்திருந்தேன்.

கடைசி மூன்று வாக்கியங்களை இன்று எழுத மாட்டேன். அப்போது எனக்கு இருபத்தாறு வயது. குத்திக்காட்டினால்தான் விமர்சனம் என்று நினைத்த வயது. அதற்காக மன்னிப்புக் கேட்கிறேன். முதல் வாக்கியத்துக்கு மன்னிப்புக் கேட்க முடியவில்லை. படம் நடுவில் தொடங்கியது. யார் யாருக்கு என்ன உறவு என்பது புரியவில்லை. கதாநாயகி இறந்த பிறகு, ஒரு விளக்கமும் இல்லாமல், தகரப் பெட்டியோடு சிரித்துக்கொண்டு வந்து நின்றாள். படத்தின் பெயர்கூட அதற்குப் பிறகுதான் வந்தது. புதுமை செய்கிறார்கள் என்று எரிச்சலாக இருந்தது. பரிதாபப்பட்டு ஒரு படத்தை இந்தப் பகுதியில் சேர்ப்பதில்லை.

ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். பிறகு எத்தனையோ படங்கள் பார்த்தேன். பலவற்றின் கதையே மறந்துவிட்டது. அந்தக் கடைசிக் காட்சி மறக்கவில்லை. மண் பாதையில் ஏறி வருகிறாள், வழுக்குகிறது, யார் பார்த்தார்கள் என்று திரும்பிப் பார்க்கிறாள், சிரிக்கிறாள். அந்தச் சிரிப்பு ஏன் நினைவில் நின்றது என்று எனக்குத் தெரியவில்லை.

என் கைப்பேசி எண்ணைக் கீழே எழுதியிருக்கிறேன். விரும்பினால் பேசலாம்.

லோகேஸ்வரன்


பிரிஞ்சாங்,
28 பிப்ரவரி 2024

நிருபர் அவர்களுக்கு,

பேசினால் எனக்குக் கோபம் வந்துவிடும். எழுதுகிறேன்.

நீங்கள் கடைசிக் காட்சி என்று எழுதியது முதல் காட்சி. அவள் தகரப் பெட்டியோடு மலைக்கு வருவதில்தான் படம் ஆரம்பிக்கிறது; அந்த முதல் சுருள் மிகச் சின்னது. அப்புறம் வேலை, கல்யாணம், மழை, மண் சரிவு. கடைசியில் அவள் போய்விடுகிறாள். அவள் கொழுந்து பறித்த நிரையை, அந்த ஒரு தேயிலை வரிசையை, மற்றப் பெண்கள் தொடாமல் விடுகிறார்கள். சுற்றிலும் வெட்டிவிட்ட மாதிரி மட்டமாக இருக்க, அந்த ஒரு நிரை மட்டும் ஆள் உயரத்துக்கு வளர்ந்து நிற்கும். அதுதான் முடிவு.

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். பிறகு அண்ணனை தானா ராத்தா கிளினிக்குக்கு அனுப்பிவிட்டு, அவர் கட்டிலுக்கு அடியில் இருந்த தேயிலைப் பெட்டியை இழுத்தேன். 1977-இல் ஈப்போவிலிருந்து திரும்பி வந்ததைப் பிரிக்காமலேயே வைத்திருந்தார். உள்ளே ஈயத்தாள் ஒட்டிய பெட்டி, ஒரு சொட்டு ஈரம் இல்லை. நாலு டப்பா. ஒவ்வொன்றின் மேலும் கறுப்பு மையில் எழுத்து: ஓ.பி., பி.ஓ.பி., பி.ஓ.பி.எப்., டஸ்ட்.

உங்களுக்கு இது என்னவென்று தெரியாமல் இருக்கலாம். தேயிலையைச் சலிக்கும்போது பெரிய இலை மேல் சல்லடையிலேயே நின்றுவிடும், அது ஓ.பி. அடுத்தது பி.ஓ.பி., அதற்கும் சின்னது பி.ஓ.பி.எப். கடைசியில் அடியில் விழுவது டஸ்ட். பேக்டரியில் வேலை செய்தவர் யாராக இருந்தாலும் தூக்கத்தில்கூட இந்த வரிசையைச் சொல்லுவார்கள். ஒன்று, இரண்டு என்று எழுதுவதற்குப் பதிலாகத்தான் அப்படி.

எங்கள் ஆட்களுக்கு அது போதும். ஈப்போவில் யாருக்குத் தெரியும்?

அந்த எழுத்து என் கை. அப்போது எனக்குப் பத்தொன்பது வயது, பேக்கிங்கில் இருந்தேன். ஸ்டென்சில் தகட்டை வைத்து மை அடித்தது நான். 'டஸ்ட்' கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. அன்றைக்கு அவசரம்.

நாற்பத்தேழு வருஷமாக உங்களைத் திட்டிக்கொண்டிருந்தேன்.

சுபத்ரா


ஈப்போ,
15 மார்ச் 2024

சுபத்ரா அம்மாவுக்கு,

உங்கள் கடிதம் வந்ததும் பதில் எழுதவில்லை. எழுதுவதற்கு முன் விசாரிக்க வேண்டியிருந்தது.

அந்தத் தியேட்டர் இப்போது இல்லை. அங்கே படம் ஓட்டிய சேக் தாவூத் இருக்கிறார், வயது எண்பத்திரண்டு. மகள் தாஹிராவின் சாப்பாட்டுக் கடையில் கல்லாவுக்குப் பின்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கிறார். நினைவு தெளிவாக இருக்கிறது. அவர் சொன்னதைக் குறித்துக்கொண்டபடியே தருகிறேன்.

"நாலு டப்பா வந்துச்சு தம்பி. நம்பர் இல்ல. கொண்டாந்த லோரிக்காரன்கிட்ட எது மொதல்லன்னு கேட்டேன். 'எனக்கென்ன தெரியும் லா, நான் முட்டக்கோஸ் ஏத்துற ஆளு'ன்னுட்டான்."

"அப்புறம் எப்படி ஓட்டினீங்க?"

"அதான் இங்கிலீஷ் எழுத்து இருந்துச்சே. பி, இன்னொரு பி, டி, ஓ. ஸ்கூல்ல சொல்லிக்குடுத்த ஏபிசிடி வரிசை. சின்ன பி மொதல்ல, நீட்டு பி அடுத்தது."

"படத்தோட பேரு கடைசியில வந்துச்சே. சந்தேகம் வரலையா?"

"வந்துச்சு. வெளிய போற ஆளுங்க மூஞ்சியப் பாத்தேன். யாரும் ஒன்னும் கேக்கல. கண்ணாடி போட்ட ஒருத்தன் நோட்டுல எழுதிக்கிட்டே போனான். படிச்ச ஆளு, அவனுக்கே வெளங்கிருச்சு போலன்னு விட்டுட்டேன்."

"அது நான்தான் பாய்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "நீதானா? அப்ப ரெண்டு பேரும் சேந்துதான் கெடுத்துருக்கோம் லா" என்றார். தாஹிரா சிரித்துவிட்டார். நான் சிரிக்கவில்லை.

உங்கள் கை எழுதியது உண்மை. ஆனால் படத்தின் பெயர் கடைசியில் வந்தபோது, எழுந்து போய், படம் ஓட்டும் அறையில் 'இது சரியா' என்று கேட்க நான் பத்துப் படி ஏறியிருந்தால் போதும். கேட்பதுதான் என் வேலை. ஐந்தரை மணிக்குள் எழுதிக் கொடுக்க வேண்டும் என்ற அவசரத்தில் நான் கேட்கவில்லை. ஒருவர் வாழ்க்கையில் அந்தப் பத்துப் படிக்கு இவ்வளவு விலை இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இதை அப்படியே பத்திரிகையில் எழுத விரும்புகிறேன். அதற்கு முன் படத்தைச் சரியான வரிசையில் பார்க்க வேண்டும். அப்போதும் நன்றாக இல்லையென்றால் அதையும் எழுதுவேன். இதை முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது.

டப்பாக்களைத் திறக்க வேண்டாம். வெயிலில் வைக்க வேண்டாம்.

லோகேஸ்வரன்


பிரிஞ்சாங்,
24 மார்ச் 2024

லோகேஸ்வரன் அண்ணனுக்கு,

இப்போது எழுத வேண்டாம். அண்ணனிடம் நான் இன்னும் சொல்லவில்லை.

'நன்றாக இல்லையென்றால் அதையும் எழுதுவேன்' என்ற இடத்தில் கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். மறுநாள்தான் மீதியைப் படித்தேன். நீங்கள் மாறவில்லை என்று நினைத்தேன். பிறகு, மாறாததும் நல்லதுதான் என்று தோன்றியது. அண்ணனிடம் பொய்யாகப் பாராட்டினால் ஒரு பார்வையில் கண்டுபிடித்துவிடுவார். வாய்தான் குழறுகிறது, புத்தி அப்படியே இருக்கிறது.

உங்களுக்கு ஒன்று தெரியாது. தகரப் பெட்டியோடு வந்தவள் என் அண்ணி, இராசம்மா. அப்போது அவர்களுக்குக் கல்யாணம் ஆகவில்லை. கொழுந்து எடுக்கும் பெண்களில் ஒருத்தி. வழுக்கியது நிஜமாகவே வழுக்கியது; கதையில் அது இல்லை. கேமராவுக்குப் பின்னால் அண்ணன் பதறிப்போய் "ஐயோ" என்றதால்தான் அவள் திரும்பிப் பார்த்துச் சிரித்தாள். எடுத்ததை வெட்டாமல் வைத்துவிட்டார். அடுத்த வருஷம் கல்யாணம் ஆனது.

அண்ணி 2009-இல் தவறிப்போனார். வீட்டில் கல்யாண போட்டோ இருக்கிறது. அதில் அடையாள அட்டைக்கு நிற்பது மாதிரி முறைத்துக்கொண்டு நிற்கிறார். சிரித்தபடி ஒரு போட்டோகூட இல்லை. படத்தைப் பற்றி அண்ணியும் பேச மாட்டார். நீங்கள் எழுதியது அண்ணனைப் பற்றி மட்டும்தான். ஆனால் தன்னால்தான் கெட்டது, தனக்கு நடிக்கத் தெரியவில்லை என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். ஒரு தடவை என்னிடம் சொன்னார். "நான் வழுக்காம நடந்துருக்கணும் சுபா." அவ்வளவுதான்.

அவரிடம் இனி யாரும் சொல்ல முடியாது. அண்ணனிடம் சொல்லலாம். எழுத்து அடித்தது நான் என்பதையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். தினமும் கஞ்சி கொடுக்கும்போது வாய் வரைக்கும் வருகிறது.

சுபத்ரா


ஈப்போ,
9 ஏப்ரல் 2024

சுபத்ராவுக்கு,

இந்தச் செய்தியைத் தெரிந்துகொண்டு நீங்கள் முடிவு செய்ய வேண்டும் என்பதால் எழுதுகிறேன். அவசரப்படுத்தவில்லை.

இங்கே புனிதன் என்றொருவர் கல்யாண வீடியோ கடை வைத்திருக்கிறார். பழைய படச்சுருள் ஓட்டும் இயந்திரம் ஒன்றைப் பழுது பார்த்து வைத்திருக்கிறார். நான் கேட்டதற்காகப் போன வாரம் நீங்கள் காய்கறி லோரியில் கொடுத்தனுப்பிய 'பி.ஓ.பி.' டப்பாவைத் திறந்து பார்த்தார். சுருள் கெட்டுப்போனால் வரும் புளித்த காடி நெடி லேசாகத்தான் இருக்கிறது. மலைக் குளிரும் ஈயத்தாளும் காப்பாற்றியிருக்கின்றன என்றார். ஆனால் சுருள் சுருங்கியிருக்கிறது. "ஒரு தடவை ஓடும் அங்கிள். ரெண்டாம் தடவைக்கு நான் பொறுப்பு இல்ல" என்பது அவர் வார்த்தை.

வழி இரண்டு. கோலாலம்பூருக்கு அனுப்பி, ஒவ்வொரு பிரேமாகப் பிரதி எடுக்கலாம், அதுதான் பாதுகாப்பு, ஒரு வருஷம் ஆகலாம். அல்லது அதற்கு முன் ஒரே ஒரு தடவை தோட்டத்து மண்டபத்தில் ஓட்டலாம். சுவரில் ஓடுவதைப் புனிதன் கேமராவில் பிடித்துவிடுவார், தெளிவாக இருக்காது.

படத்தின் பக்கம் நின்று பார்த்தால் முதல் வழி. உங்கள் அண்ணனின் வயதைப் பார்த்தால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

லோகேஸ்வரன்


பிரிஞ்சாங்,
19 ஏப்ரல் 2024

லோகேஸ்வரன் அண்ணனுக்கு,

அண்ணனிடம் சொல்லிவிட்டேன்.

"அண்ணே, டப்பால எழுத்து அடிச்சது யாரு, ஞாபகம் இருக்கா?"

"நீதான்."

"நம்பர் போடாம ஏன் அப்படி அடிச்சேன்?"

"நம்பர் தகடு... மேல் ஸ்டோர்ல. அன்னிக்கு மழ. இதப் போடுன்னு... நான்தானே சொன்னேன்."

எனக்கு அது ஞாபகமே இல்லை. அவருக்கு இருந்தது. பிறகு ஈப்போவில் எந்த வரிசையில் போட்டார்கள் என்று சொன்னேன். கோபப்படுவார், அழுவார், இல்லை உங்களைத் திட்டுவார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். இடது கை விரலை ஒவ்வொன்றாக மடக்கினார்.

"அப்போ இராசம்மா... கடசிலயா வந்தா?"

"ஆமாண்ணே."

"செத்ததுக்கு அப்புறம்?"

"ஆமா."

"சிரிச்சுக்கிட்டா?"

தலையாட்டினேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கஞ்சி வேண்டாம் என்றார். மறுநாளும் சுவரைப் பார்த்தே படுத்திருந்தார். என் தப்பை மன்னிக்கவில்லை என்று நினைத்துக்கொண்டேன். இன்று காலையில் ஷேவ் பண்ணிவிடச் சொன்னார். முடித்ததும், "நிருபர வரச் சொல்லு" என்றார்.

மே ஐந்தாம் தேதி, ஞாயிறு, மதியம் இரண்டு மணி. கோலாலம்பூருக்கு அப்புறம் அனுப்பலாம்.

சுபத்ரா


ஈப்போ,
8 மே 2024

அன்புள்ள சுபத்ரா,

ஞாயிறன்று சரியாகச் சொல்லிக்கொள்ளாமலே காரில் ஏறிவிட்டேன். அதனால் எழுதுகிறேன். பத்திரிகைக்கு எழுதியதையும் இதோடு வைத்திருக்கிறேன்; தவறு இருந்தால் திருத்துங்கள்.

முதலில் படம். வசனம் பல இடங்களில் வாயோடு சேரவில்லை. கல்யாணப் பாட்டு நீளம். கங்காணியாக வரும் பக்கிரிசாமி தேவைக்கு மேல் கத்துகிறார். அவர் எனக்குப் பின்வரிசையிலேயே உட்கார்ந்து, "என் மீசயப் பாருங்கடா, மீசய!" என்று இப்போதும் கத்தினார். இவை எல்லாவற்றையும் எழுதியிருக்கிறேன். மண் சரிவுக்குப் பிறகு வரும் இருபது நிமிஷத்தில் ஒருவரும் பேசுவதில்லை என்பதையும், அந்தப் பறிக்காத நிரையைப் போல ஒரு முடிவை நம் நாட்டில் எடுத்த படங்களில் நான் பார்த்ததில்லை என்பதையும் எழுதியிருக்கிறேன். இருபத்தாறு வயதில் இதைச் சரியான வரிசையில் பார்த்திருந்தாலும் எனக்கு விளங்கியிருக்குமா என்பது உறுதியில்லை. அதையும் எழுதியிருக்கிறேன்.

பதினைந்தாவது படம் இது. பரிதாபத்தால் அல்ல.

எழுதாமல் விட்டது ஒன்று. உங்கள் அனுமதி இல்லாமல் எழுத மாட்டேன்.

நிரை மறைந்து சுவர் வெள்ளையானது. சன்னல்களில் கட்டியிருந்த சாக்கை யாரோ அவிழ்க்கப் போனார்கள். உங்கள் அண்ணன் இடது கையைத் தூக்கினார்.

"ஓ.பி.யப் போடு."

புனிதன் பதறிவிட்டார். "அங்கிள், மொத ரீலுதான் ரொம்ப சுருங்கியிருக்கு. பிஞ்சா ஒட்ட முடியாது. வீடியோ எடுத்தாச்சு, டிவியில எத்தன தடவ வேணும்னாலும் பாக்கலாம்."

"ஓ.பி.யப் போடு."

புனிதன் என்னைப் பார்த்தார். நாற்பது வருஷம் பழைய படங்களைக் காப்பாற்ற வேண்டும் என்று எழுதியவன் நான். வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தேன். அதற்குள் நீங்கள், "போடுங்க தம்பி. எங்க படம்தானே" என்றீர்கள்.

சுவரில் இராசம்மா அம்மா தகரப் பெட்டியோடு ஏறி வந்தார். வழுக்கியது. திரும்பிப் பார்த்தார். நான் சுவரைப் பார்க்கவில்லை. உங்கள் அண்ணனைப் பார்த்தேன். கேமராவுக்குப் பின்னால் நின்ற இடத்தில் அவர் சொன்னதாக எழுதியிருந்தீர்களே, அந்த "ஐயோ" வந்தது. மெதுவாக, குழறலாக. இராசம்மா அம்மா சிரித்தார். படத்தின் பெயர் வந்ததும், உங்கள் அண்ணன் "போதும்" என்று கையை இறக்கினார். புனிதன் அந்த நொடியே நிறுத்திவிட்டார். சுருள் பிய்யவில்லை.

1977-இல் வெறும் புதுமை என்று நான் எரிச்சல்பட்ட காட்சி அது.

ஒரு கேள்வி. கோலாலம்பூரில் பிரதி எடுப்பவர்கள் வரிசை எது என்று கேட்பார்கள். இந்தத் தடவை தப்பு நடக்கக்கூடாது. உங்கள் அண்ணனிடம் கேட்டு டப்பாவிலேயே எழுதி அனுப்புங்கள்.

லோகேஸ்வரன்


பிரிஞ்சாங்,
17 மே 2024

லோகேஸ்வரன் அண்ணனுக்கு,

நீங்கள் எழுதியதில் திருத்த ஒன்றும் இல்லை. பக்கிரிசாமி மட்டும் சண்டைக்கு வருவார், நான் பார்த்துக்கொள்கிறேன். விட்டதையும் எழுதலாம் என்று அண்ணன் சொல்லிவிட்டார். "உள்ளத எழுதட்டும்" என்றார்.

நாலு டப்பாவும் கட்டித் தயாராக இருக்கின்றன. திங்கட்கிழமை லோரியில் ஏற்றுகிறேன். முட்டைக்கோஸ் லோரிதான், ஓட்டுகிறவருக்கு ஒன்றும் தெரிய வேண்டியதில்லை.

பேக்டரிக்குப் போய் நம்பர் தகடு கேட்டேன். இப்போது எல்லாம் ஸ்டிக்கர், மேல் ஸ்டோரில் தேடி ஒரு செட் எடுத்துக் கொடுத்தார்கள். அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பழைய எழுத்தை அழிக்கவில்லை, அதற்குக் கீழே அடித்தேன். ஓ.பி.க்கு 1. பி.ஓ.பி.க்கு 2. பி.ஓ.பி.எப்.க்கு 3. டஸ்ட்டுக்கு 4. இந்தத் தடவை ஒன்றுகூடச் சாயவில்லை.

பெட்டியின் மூடியைப் போடப் போனேன். "இரு" என்றார். ஓ.பி. டப்பாவைத் தன் மடியில் வைக்கச் சொன்னார். அந்த 1-க்குக் கீழே விரலை வைத்தார்.

"இங்க அஞ்சுன்னும் அடி."

அடித்தேன்.

சுபத்ரா